கையில் கொடுத்த பணம்

பிரிட்ஜ்காரர் பணம் வாங்கும்போது எண்ணிப் பார்க்க மாட்டார். நான்காக மடித்துக் கொடுத்தாலும் சரி, கசங்கிய நோட்டுகளை உருட்டித் திணித்தாலும் சரி, அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கருவிப் பெட்டியைச் சாத்துவார். "எண்ணிக்கோங்கண்ணே" என்று யாராவது சொன்னால், "நீங்க எண்ணினது போதாதா?" என்பார். இந்த ஒரு பேச்சுக்காகவே அவரைத் தேடி வந்தவர்கள் உண்டு. இந்தப் பழக்கம்தான் அவருடைய மைத்துனனை அவரிடமிருந்து பிரித்தது என்று எடுத்த எடுப்பில் சொன்னால் மிகைப்படுத்துவதாகத் தோன்றும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிட்டால் தோன்றாது.

கடைகளில் இருக்கும் பெரிய குளிர்ப்பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கறிக்கடை, பூக்கடை, பேக்கரி, மருந்துக்கடை என்று எங்கே குளிர் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். இளமையில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் இருந்தார். அங்கே வேலை செய்தவர் இவர், பணம் போய்ச் சேர்ந்தது ஆபீஸ் கல்லாவுக்கு. வெயிலில் மொட்டை மாடியில் ஏறி மெஷினைப் பிரித்துப் போட்டு, உள்ளே இருந்த எலிக்கூட்டை எடுத்தெறிந்து, கேஸ் ஏற்றி, குளிர் வரவைத்துவிட்டுக் கீழே இறங்கினால், கடைக்காரர் இவரைத் தாண்டிப் போய் முதலாளிக்குப் போன் போடுவார். "உங்க ஆள் வந்துட்டுப் போயிட்டான் சார்" என்பார். அந்த 'ஆள்' என்ற சொல் பல வருடம் அவர் காதில் கிடந்தது.

கம்பெனியை விட்டு வெளியே வந்து, தோள்பையோடு தனியாக முதலில் போன இடம் ஒரு கறிக்கடை. வேலை முடிந்ததும் கறிக்கடைக்காரர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கல்லாவைத் திறந்து, நேராக இவர் உள்ளங்கையில் வைத்தார். நோட்டில் கொழுப்பு வாடை அடித்தது. வழியெல்லாம் ஒரு கையைச் சட்டைப் பையின் மேல் வைத்துக்கொண்டே நடந்து வந்ததாக மனைவியிடம் சொன்னார். "யாராவது பிடுங்கிடுவாங்கன்னா?" என்று அவள் கேட்டாள். "இல்ல. சும்மாதான்" என்றார்.

மனைவி இந்த வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டியும் ஒரு தம்பியும் கூட வந்தன. அவளுடைய அம்மா போன பிறகு அந்தப் பையனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. பிரிட்ஜ்காரர் முகம் சுளிக்கவில்லை. பிள்ளை பிறக்காத வீட்டில் அவன்தான் பிள்ளை மாதிரி வளர்ந்தான். பரீட்சைக்கு அழைத்துப் போனார், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கினார், அவன் மீசை முளைத்ததும் 'டேய்' குறைந்து 'மாப்ள' அதிகமானது. அவனே விரும்பிக் குளிர்சாதனத் துறையில் டிப்ளமோ படித்தான். படித்துவிட்டு ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தான். ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில், பால் வரிசைக்கு முன்னால், நாலு பேர் பார்க்க மேனேஜர் அவனைக் கண்டபடி பேசிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

"என் தம்பி கண்டவன் முன்னாடி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணுமா?" என்று மனைவி கேட்டாள். "உங்களுக்கும் முட்டி வலி வந்தாச்சு. ரெண்டு பேரும் சேந்து ஒரு கடை போடுங்க. அவன் பேரும் போர்டுல இருக்கட்டும். நாளைக்கு நம்மளப் பாக்கவும் அவன்தானே?"

அப்படித்தான் அந்த நிறுவனம் பிறந்தது. முறையாகப் பதிவு செய்தார்கள். ஆளுக்குப் பாதி. ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் ஆடிட்டர் அம்மாவின் அலுவலகம். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுபவர். வேலையில் மட்டும் எதையும் தவறவிடாதவர். பத்திரங்களை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்னார்:

"இனிமே யார் பணம் கொடுத்தாலும் கடைக் கணக்குலதான் விழணும். உங்க சட்டைப் பை வேற, கடை வேற."

"சட்டையும் என்னுது, கடையும் என்னுதுதானேம்மா."

"சட்டை முழுசா உங்களது. கடை பாதிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனன்தான் அதிகமாகச் சிரித்தான். அன்று அவன் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி ஸ்டோர் மாதிரிப் பெரிய இடங்களுக்கு மைத்துனன் ஒப்பந்தம் எழுதி, மாதாமாதம் போய்ப் பார்த்து, பில் அனுப்பினான். பழைய வாடிக்கைக்காரர்கள் பிரிட்ஜ்காரருக்கு. ஆரம்பத்தில் மைத்துனன் அவர்களுக்கும் பில் போட்டான். பேக்கரி அம்மாவின் மாவு வைக்கும் குளிர்ப்பெட்டிக் கதவுக்குப் புது கேஸ்கெட் ரப்பர் மாற்றிய மறுநாள் அவன் போனில் பில்லை அனுப்ப, அந்த அம்மா பிரிட்ஜ்காரரைக் கூப்பிட்டார்.

"என்னண்ணே, பில்லெல்லாம் வருது? நமக்கு நடுவுல காகிதம் எப்பண்ணே வந்துச்சு?"

பிரிட்ஜ்காரருக்குக் காது மடல் சூடானது. "சின்னப் பையன், தெரியாம அனுப்பிட்டான்மா. அழிச்சுடுங்க. நான் வந்து வாங்கிக்கறேன்."

போய் வாங்கிக்கொண்டார். எண்ணவில்லை. மைத்துனனிடம், "பழைய ஆளுங்களுக்கு அனுப்பாத மாப்ள, மனசு கஷ்டப்படுவாங்க" என்றார். அவன் "சரி மாமா" என்றான். அந்த வாடிக்கையும் அதில் வரும் பணமும் மாமாவின் சொந்தம் என்று எடுத்துக்கொண்டு, பிறகு அனுப்பவில்லை. போனில் பணம் அனுப்பப் பழகியவர்களும் அவருடைய சொந்த நம்பருக்கே அனுப்பினார்கள். அந்த நம்பர்தான் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிரிட்ஜ்காரர் அந்தப் பணத்தில் ஒரு நயாபைசா ஒளித்து வைக்கவில்லை. சட்டைப் பையில் விழுந்தது கேஸ் சிலிண்டராகவும் காப்பர் பைப்பாகவும் கடை வாடகையாகவும் வண்டிக்கு டீசலாகவும் வெளியே போனது. பெரிய கடைகள் பில்லை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். கடைக் கணக்கு வற்றிப் போகும். அப்போதெல்லாம் இவர் தன் கையிலிருந்து கொண்டுபோய்ப் போடுவார்.

ஆடிட்டர் அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார். "இது எங்கேருந்து வந்த பணம்?"

"என்னோடதுதாம்மா. எழுதுங்க."

விளக்கப் போனால், யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், பில் எங்கே என்று நீளும். 'என்னோடது' என்றால் ஒரே வார்த்தையில் முடிந்தது. ஆடிட்டர் அம்மா அதைப் பங்குதாரர் கடைக்குக் கொடுத்த கடன் என்று எழுதினார். அப்படித்தான் எழுத முடியும். சட்டைப் பையிலிருந்து நேராகக் கட்டிய வாடகையும் கேஸ் பில்லும்கூட அந்தத் தலைப்பின் கீழேயே போய்ச் சேர்ந்தன. ஆக, பதிவு செய்த கடையைக் காகிதத்தில் பார்த்தால், மைத்துனன் ஒப்பந்தங்களில் வருவது மட்டும்தான் வரவு. மீதியெல்லாம் மாமா கொடுத்த கடன். கடை வளர வளர அந்தக் கடனும் வளர்ந்தது.

மாதக் கடைசியில் மைத்துனனின் பங்கு. அதையும் இவரே கொடுத்தார். அவனுக்குக் கல்யாணமான பிறகு, வீட்டு மாடியில் அவன் குடும்பம் இருந்தது. படியேறிப் போய், பின்னால் நின்று தோளில் தட்டி, "இந்தா மாப்ள" என்பார்.

முதல் வருடம் அவன் கேட்டான். "கடைக் கணக்குலேருந்து வர வேண்டியதுதானே மாமா?"

"எதுலேருந்து வந்தா என்னடா? செல்லாத நோட்டா கொடுக்கறேன்?"

"இல்ல மாமா..."

"வாங்கிக்கடா. மாமாதானே கொடுக்கறாரு" என்று கீழேயிருந்து அக்கா குரல் கொடுப்பாள்.

அவன் வாங்கிக்கொண்டான். இறங்கி வரும்போது பிரிட்ஜ்காரருக்கு முட்டி வலி தெரியாது. யாருக்காவது எதையாவது தன் கையால் கொடுக்கும்போது அவருக்கு ஒரு நிறைவு வரும். ஆபீஸ் கல்லாவைத் தாண்டி வந்தவனுக்கு அந்த நிறைவு ஏன் வருகிறது என்பதை அவர் யோசித்ததில்லை. அது தப்பு என்று தோன்ற வழியே இல்லை. கொடுக்கிறவனை யாராவது குறை சொல்வார்களா?

மைத்துனன் வருட முடிவுக் கணக்குகளைப் படிக்கிறவன். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படிப்பான். பிரிட்ஜ்காரர் படிக்க மாட்டார். "நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்று பேனாவை எடுத்துக் கையெழுத்தைக் கிறுக்குவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பங்குக்காரன் என்ன படிக்கிறான், அவன் முகம் ஏன் வாடிப் போகிறது என்று ஒரு வருடமாவது எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. மைத்துனன் பைக்கை விற்றான். "வண்டி எங்கடா?" என்றால், "நடந்தா உடம்புக்கு நல்லது மாமா" என்றான். "உனக்கு என்னடா உடம்பு, குச்சி மாதிரி இருக்க" என்று இவர் கேலி செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கீழே வந்து சாப்பிடுவது நின்றது. கூப்பிட்டால் ஏதாவது காரணம் சொன்னான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று அக்கா நினைத்தாள். மாடியில் ஒருமுறை தம்பி மனைவியின் குரல் உயர்ந்து, "எல்லாம் உங்க மாமா தயவுதானே" என்று அவள் சொன்னது படியில் நின்ற பிரிட்ஜ்காரர் காதில் விழுந்தது. அவர் அதை நல்ல வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ஒரு மதியம் கடையில் இருவரும் வேலையாக இருந்தார்கள். பிரிட்ஜ்காரர் காப்பர் பைப்பில் தீ வைத்து ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். மைத்துனன் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றின் கண்டென்சரில் அப்பியிருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவதை நிறுத்தாமலே சொன்னான்.

"மாமா, நான் ஒரு வேலையில சேரலாம்னு இருக்கேன்."

"என்ன வேலை?"

"துறைமுகத்துப் பக்கம் ஒரு குளிர்க்கிடங்கு. மெயின்டனன்ஸ் பாத்துக்கணும். வீடும் தராங்க."

பிரிட்ஜ்காரர் தீயை அணைத்தார். "இங்க என்னடா குறை? கடை நல்லாத்தானே ஓடுது."

"ஓடலை மாமா. நீங்க தள்ளிக்கிட்டு இருக்கீங்க."

"என்ன பேச்சுடா இது?"

"கணக்கைப் பாக்கறேன்ல. நான் கொண்டு வர்றது வாடகைக்குக்கூடக் காணல. நீங்க கடன் மேல கடன் போட்டு அதுலேருந்து எனக்குப் பங்குன்னு வேற கொடுக்கறீங்க. அதுல பாதி நான் கட்ட வேண்டியது. இங்க இருந்தா இந்த ஜென்மத்துல கட்ட முடியாது. அங்க போனா கட்டிடுவேன்."

பிரிட்ஜ்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார். "டேய், அது கடன் இல்லடா. கடைப் பணம்தான். கறிக்கடை, பேக்கரி, பூக்கடை எல்லாம் கொடுத்தது. வேலை செஞ்சு வந்த காசு. எழுதறப்ப அந்தம்மா அப்படி எழுதிட்டாங்க."

மைத்துனன் அவரைக் கனிவோடு பார்த்தான். அந்தக் கனிவுதான் அவரை அடித்துப் போட்டது.

"நீங்க எப்பவும் இப்படித்தான் மாமா. கொடுத்துட்டு, கொடுக்கலைன்னு சொல்வீங்க."

அன்று சாயங்காலமே ஆடிட்டர் அம்மாவிடம் ஓடினார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஏழு வருஷமா கேட்டேன். ஒவ்வொரு தடவையும் 'என்னோடது'ன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேம்மா. இப்ப மாத்தி எழுதுங்க. வரி எவ்வளவோ, அபராதம் எவ்வளவோ கட்டறேன்."

"எதை வச்சு எழுதறது? யார் யார் எவ்வளவு கொடுத்தாங்க?"

"எண்ணினதே இல்லம்மா."

"போன்ல வந்தது?"

"இருக்கும். அதுலயே வீட்டுப் பணமும் இருக்கும்."

"அது உங்க பேர்ல வந்த வருமானம். அதுல கடை பேர் எங்கயும் இல்ல. நீங்களே கடைக்குக் கடன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அவரும் போட்டிருக்கார்." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு வழி இருக்கு. அந்தக் கடன் எனக்கு வேண்டாம்னு நீங்க விட்டுக்கொடுத்ததா எழுதலாம்."

"எழுதுங்க, எழுதுங்க."

"அப்படி எழுதினா, நீங்க அவருக்குப் பெரிய தொகையைச் சும்மா கொடுத்தீங்கன்னு ஆகும். பரவாயில்லையா?"

பிரிட்ஜ்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "வேற வழி?" என்று கேட்டார். ஆடிட்டர் அம்மா கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணாடியை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மைத்துனனை வண்டியில் ஏறச் சொன்னார். "எங்க மாமா?" என்றதற்கு, "கொடுத்தவங்க வாயாலயே கேளு" என்றார். நேராகப் பூக்கடைக்கு விட்டார். பூக்கடைக்காரர் குளிரறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வருஷா வருஷம் கேஸ் ஏத்தறதுக்குப் பணம் கொடுக்கறீங்கல்ல, அது யாருக்குக் கொடுக்கறீங்க? கடைக்குத்தானே?"

"எந்தக் கடைக்கு?"

"எங்க கடைக்கு."

"உங்களுக்குக் கடை வேற இருக்கா?" பூக்கடைக்காரர் வாளியைக் கீழே வைத்தார். "நான் எந்தக் கடையைக் கண்டேன்? உங்க மூஞ்சிக்குக் கொடுக்கறேன். வேற எவனாவது வந்தா கதவையே திறக்க மாட்டேன்."

மைத்துனன் குளிரறைக்குள் ரோஜாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது பேக்கரி. ரொட்டித் தட்டுகள் வெளியே வரும் நேரம். பேக்கரி அம்மா இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்தார். பிரிட்ஜ்காரர் கேட்ட அதே கேள்விக்கு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. என் கையால எடுத்து உங்க கையில கொடுத்தேன். உங்களுக்குத்தான் கொடுத்தேன். ஏண்ணே, யாராவது ஏதாவது சொன்னாங்களா?" அப்புறம் மைத்துனனைப் பார்த்தார். "இந்தத் தம்பி யாரு? வேலைக்குப் புதுசாச் சேத்திருக்கீங்களா?"

"என் மச்சான்மா. பார்ட்னர். ஏழு வருஷமா."

"அடடே, சொல்லவே இல்லியே. ஒரு தடவ சின்னப் பையன்னு சொன்னீங்களே, இவர்தானா?" அந்த அம்மா மனசாரச் சொன்னார். "தம்பி, நீ கொடுத்து வச்சவன்பா. இந்தக் காலத்துல மச்சினனை யாரு வச்சுக் காப்பாத்தறாங்க?"

மைத்துனன் எழுந்து கும்பிட்டு, வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான். பிரிட்ஜ்காரர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். கறிக்கடைக்குப் போக வண்டியைத் திருப்பியபோது அவன், "போதும் மாமா" என்றான்.

"அவங்களுக்குச் சொல்லத் தெரியலடா."

"நல்லாத்தான் சொன்னாங்க. அவங்க உங்களுக்குக் கொடுத்தாங்க. நீங்க எனக்குக் கொடுத்தீங்க. இதுல கடை எங்க வருது?"

"கடை வண்டியிலதானேடா போனேன்? கடை கேஸைத்தானே அடிச்சேன்?"

"வண்டிக்கும் கேஸுக்கும் நீங்கதான் பணம் கொடுத்தீங்கன்னு எழுதியிருக்கு."

சிக்னலில் வண்டி நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பிரிட்ஜ்காரருக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.

"உங்களக் குறை சொல்லல மாமா" என்றான் மைத்துனன். "என்னை வளத்தீங்க. படிக்க வச்சீங்க. அதுக்கு நான் கணக்குப் பாக்கல, பாக்கவும் முடியாது. ஆனா இது தொழில். இதுல நான் உங்க பார்ட்னர்னு நினைச்சேன். ஊர்ல ஒருத்தருக்கும் அது தெரியல."

பிரிட்ஜ்காரர் வண்டியைக் கடைப் பக்கம் திருப்பினார். பதிவுச் சான்றிதழ் கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதைப் பார்க்கக் கடைக்கு யாரும் வந்ததில்லை. அவர்தான் எல்லாருடைய வாசலுக்கும் போனார், தனியாக.

மைத்துனன் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தான். உடனே விலகவில்லை. இனி லாபத்தில் பங்கு வேண்டாம், தன் பாதிக் கடனை மாதாமாதம் கடைக் கணக்கில் கட்டி முடித்த பிறகு கையெழுத்துப் போட்டு விலகிக்கொள்கிறேன், அதுவரை பேர் மட்டும் இருக்கட்டும் என்று ஆடிட்டர் அம்மாவிடம் எழுதிக் கொடுத்தான். "என் போனுக்கே அனுப்பேன்டா" என்று பிரிட்ஜ்காரர் சொன்னதற்கு, "வேண்டாம் மாமா. எழுத்துல இருக்கட்டும்" என்றான்.

மாடி காலியானது. சுவரில் கட்டில் உரசிய கோடுகளும் ஆணிகளும் மிஞ்சின. தம்பியை அனுப்பிவிட்டு வந்த மனைவி அவரிடம் நாலு நாள் பேசவில்லை. பேசியபோது சத்தம் போடவில்லை.

"அவன் தலை நிமிந்து நிக்கணும்னுதானே கடை போட்டோம். கடன்காரனாக்கி அனுப்பிட்டீங்களே."

"நான் கொடுக்கத்தானேம்மா செஞ்சேன்."

"அதுதான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு பிரிட்ஜ்காரர் பழைய வாடிக்கைக்காரர்களுக்கும் பில் போடத் தொடங்கினார். பயந்துகொண்டேதான் போட்டார். பூக்கடைக்காரர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆணியில் குத்தி வைத்தார். கறிக்கடைக்காரர், "எந்த நம்பருக்கு அனுப்பணும்?" என்று மட்டும் கேட்டார். பேக்கரி அம்மா, "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமேண்ணே. எங்க கணக்குக்கும் ஆகுது. பில் இல்லன்னு எங்க ஆடிட்டர் எப்பவும் திட்டுவாரு" என்றார். மனசு கஷ்டப்படுவார்கள் என்று இத்தனை வருடம் யாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோம் என்று அவர் யோசித்தார். ஒருத்தருக்கும் கஷ்டமில்லை. கையில் வாங்க ஆசைப்பட்டது அவர்தான். மாடிப்படியில் ஏறிப் போய்க் கொடுக்க ஆசைப்பட்டதும் அவர்தான். இரண்டும் ஒரே ஆசை என்பது, கேட்க ஆளில்லாத வேளையில் அவருக்கு விளங்கியது.

பில் போட்ட முதல் சில மாதங்களிலேயே கடைக் கணக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. வாடகை அதிலிருந்தே போனது. கேஸும் அதிலிருந்தே. பாதிப் பங்கு கொடுத்திருந்தாலும் தாங்கியிருக்கும். அந்தத் தாளை ஆடிட்டர் அம்மா நீட்டியபோது முதல் தடவையாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்து, மடித்து, அங்கேயே வைத்துவிட்டு வந்தார். மைத்துனனுக்கு அனுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அனுப்பினால், தான் போன பிறகுதான் கடை தேறியது என்றுதான் அவன் படிப்பான்.

மைத்துனன் புது ஊரில் நிலைகொண்ட பிறகு, ஒரு நாள் ஆடிட்டர் அம்மா போன் செய்தார். "உங்க மச்சான்கிட்டேருந்து முதல் பணம் வந்திருக்கு. எதுல எழுதட்டும்?"

மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். "திருப்பி அனுப்பச் சொல்லுங்க. அவன் காசு நமக்கெதுக்கு?" என்றாள்.

பிரிட்ஜ்காரர் போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். திருப்பி அனுப்புவது அவருக்கு எளிது. இத்தனை வருடமும் கொடுப்பதைத்தானே செய்தார். இப்போது திருப்பி அனுப்பினால் இன்னும் ஒருமுறை அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, அதில் எதையோ வைப்பது போலத்தான் ஆகும். வாங்கி வைத்துக்கொண்டாலோ, ஒவ்வொரு மாதமும் கடன் கொஞ்சம் குறையும். குறைந்து குறைந்து ஒரு நாள் ஒன்றுமில்லாமல் போகும். அன்று அவன் வந்து கையெழுத்துப் போட்டு விலகிவிடுவான்.

"கடன் திரும்பி வந்துச்சுன்னு எழுதுங்கம்மா."

"அது கடன் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"அவனுக்கு அது கடன்தான். அவன் சொன்னபடியே எழுதுங்க. ரசீது போட்டு அவனுக்கு அனுப்பிடுங்க."

சாயங்காலம் மைத்துனன் கூப்பிட்டான். போன பிறகு அவனாகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"ரசீது வந்துச்சு மாமா."

"வந்துச்சா. சரி."

"திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இவகிட்டகூடச் சொன்னேன், மாமா கண்டிப்பா அனுப்பிடுவாருன்னு." அவன் சிரித்தான். வெகு நாளாகக் கேட்காத சிரிப்பு. "இங்க ஓவர்டைம் இருக்கு மாமா. அடுத்த மாசம் கொஞ்சம் கூடப் போடறேன். சீக்கிரம் முடிச்சுடலாம்."

"உடம்பைப் பாத்துக்கடா" என்றார் பிரிட்ஜ்காரர்.

"நல்லாயிருக்கேன் மாமா. இப்பதான் நல்லா இருக்கேன்."

அக்காவிடம் கொடுக்கச் சொன்னான். அவர் போனை மனைவியிடம் நீட்டினார்.